குழந்தைகளுக்கான கைவினை, தொழில்நுட்ப விழா: முதன்முறையாக நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி அறிவியல் கண்காட்சிகளை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். மேசைமேல் ஒரு காற்றாலை மாதிரி இருக்கும். சீருடை அணிந்த மாணவி ஒருத்தி மனப்பாடம் செய்த விளக்கத்தை ஒப்பிப்பாள். வந்தவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்கள். இந்தக் கட்டுரை பேசும் விழாவில் பார்வையாளர் என்று எவரும் இல்லை. வரும் ஒவ்வொரு குழந்தையும் உட்கார்ந்து, தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடித்து, அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இடம், நேரம், பணம், ஆட்கள், மேசைகளின் அமைப்பு என நீங்கள் எடுக்கப்போகும் எல்லா முடிவுகளையும் இந்த ஒன்றை வைத்தே எடைபோடுங்கள். எது குழந்தை செய்து முடிப்பதற்கு உதவுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

இது புதிய எண்ணமும் அன்று. 2006-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ நகரில் தொடங்கிய, தம் கையால் பொருள்களைச் செய்பவர்கள் கூடும் மேக்கர் ஃபேர் விழாக்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. நம் மாநிலத்திலேயே 1980 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், குழந்தைகளை அறிவியல் செயல்பாடுகளில் ஈடுபடுத்துவதில் நீண்ட அனுபவம் உடையது. உங்கள் மாவட்டத்தில் அதன் கிளை இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். அனுபவமுள்ள இரண்டு பேர் கிடைத்தாலே பாதிக் கவலை தீரும்.

எத்தனை குழந்தைகள், எவ்வளவு நேரம்

முதல் விழாவை நூறு குழந்தைகளுக்கு மேல் திட்டமிட வேண்டாம். காலை 10 மணி முதல் 1 மணி வரை மூன்று மணி நேரம் போதும். ஒரு மேசைக்கு எட்டுக் குழந்தைகள், மொத்தம் எட்டு மேசைகள் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 30 நிமிடம். அதில் 20 நிமிடம் செய்வதற்கு, 10 நிமிடம் மேசையைத் துடைத்து அடுத்த சுற்றுக்கான பொருள்களை அடுக்குவதற்கு. மூன்று மணி நேரத்தில் ஆறு சுற்றுகள் நடக்கும். ஆறு சுற்று, எட்டு மேசை, எட்டு இருக்கை என்றால் 384 இருக்கைகள். நூறு குழந்தைகளும் ஆளுக்கு மூன்று செயல்களைச் செய்ய 300 இருக்கைகள் தேவை. மீதமுள்ளவை ஒரு மேசையில் நேரம் நீளும்போதும், ஒரு குழந்தை அதே மேசையில் இன்னொரு சுற்று உட்கார ஆசைப்படும்போதும் கைகொடுக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் "வருகிறவர்கள் வரட்டும்" என்று திறந்துவிட்டால், வாட்டசாட்டமான பையன்கள் எல்லா மேசைகளையும் ஆக்கிரமிக்க, ஓரத்தில் நிற்கும் சிறுமிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

தன்னார்வலர்கள் மேசைக்கு இருவர் தேவை. ஒருவர் செய்து காட்டுவார்; மற்றவர் பின்தங்கும் குழந்தையின் அருகில் போய் உட்காருவார். வரவேற்பில் மூவர், முதலுதவிக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், மின் இணைப்புகளைக் கவனிக்க ஒருவர், எங்கு ஆள் குறைகிறதோ அங்கே ஓட இருவர் என்று சேர்த்தால் இருபத்து நான்கு பேர் ஆகும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தெருவில் உள்ள தையல் கலைஞர், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்காமார், அண்ணன்மார் எல்லோரும் இதற்குப் பொருத்தமானவர்கள். கற்பித்த அனுபவத்தைவிடப் பொறுமை முக்கியம். குழந்தையின் கையிலிருந்து பொருளைப் பிடுங்கி "இப்படிச் செய்" என்று தானே முடித்துக் கொடுப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவரை மேசையில் உட்கார வைக்காமல் வேறு பணிக்கு அனுப்புங்கள்.

நாளும் இடமும்

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஏப்ரல், மே மாதங்களில் வெயில், மார்ச்சில் பொதுத்தேர்வு. எனவே பொங்கல் முடிந்து பிப்ரவரி இறுதி வரையிலான வாரங்களும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளும் பொருத்தமானவை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், 1928-இல் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்த நாள் அது. அதையொட்டிய ஞாயிறைத் தேர்ந்தெடுத்தால் பள்ளிகளின் ஒத்துழைப்பு எளிதாகக் கிடைக்கும். உங்கள் பகுதிக்கு மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை அந்த நாளில் இருக்கிறதா என்று அந்த வாரத்திலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை அரசுப் பள்ளி வளாகமே என் முதல் தெரிவு. எல்லாக் குழந்தைகளும் தயங்காமல் நுழையக்கூடிய இடம் அதுதான். கழிப்பறை, தண்ணீர்க்குழாய், மரநிழல், பெஞ்சு எல்லாம் இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் விஷயத்தை வைக்கச் சொல்லுங்கள். அக்குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை என்பதால் ஆதரவும் ஆட்களும் அங்கிருந்தே கிடைப்பதுண்டு. பள்ளி கிடைக்காவிட்டால் ஊராட்சி அல்லது மாநகராட்சியின் சமுதாயக் கூடம், பெரிய வாசிப்பறை உள்ள கிளை நூலகம் ஆகியவற்றைக் கேட்கலாம். கல்யாண மண்டபம் வாடகையால் கையைக் கடிக்கும். இடத்தை இறுதி செய்யும் முன் நேரில் போய்க் கழிப்பறைக் கதவுகளின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா, கிணறோ திறந்த தொட்டியோ இருந்தால் அது மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும். ஆனால் ஒலிபெருக்கியே வேண்டாம் என்பது என் கருத்து; பாட்டு அலறும் இடத்தில் எந்தத் தன்னார்வலரும் குழந்தையிடம் மெதுவாகப் பேச முடியாது. சுற்று மாறுவதை அறிவிக்கப் பள்ளி மணியே போதும்.

மேசைகளைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் ஓலையும் களிமண்ணும், மறுபக்கம் மடிக்கணினியும் ரோபோவும் என்று பந்தலை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரித்ததுமே, பையன்கள் எல்லோரும் ரோபோவின் பக்கம் ஓட, கைவினைப் பகுதி சிறு பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உரியதாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டையும் கலந்து வையுங்கள். முடிந்தால் ஒரே மேசையில் சேர்த்து வையுங்கள். கைவினைக்குள் இருக்கும் அறிவியலும், தொழில்நுட்பத்துக்கு வேண்டிய கைத்திறனும் குழந்தைக்குத் தாமாகப் புலப்படும். கீழே சொல்லும் மேசைகள் எல்லாம் குறைந்த செலவில் அமைபவை.

தலையாட்டிப் பொம்மை மேசை. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்ப் பொம்மை எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்வதற்குக் காரணம், அதன் எடை முழுவதும் வளைந்த அடிப்பாகத்தில் இருப்பதுதான். உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் பந்துகளை முதல் நாளே பாதியாக அறுத்து வைத்துவிடுங்கள். குழந்தை அந்த அரைப்பந்தின் அடியில் களிமண்ணை அப்பி, மேலே மெல்லிய தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, முகம் வரைந்து, நகை தீட்டினால் பொம்மை தயார். தட்டினால் ஆடி நிற்கும். இப்போதுதான் மேசையின் முக்கியமான கட்டம்: கூம்பின் உச்சியில் ஒரு கோலிக்குண்டு அளவு களிமண்ணை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொம்மை சாய்ந்து கிடக்கும். இன்னும் கொஞ்சம் கிள்ளி எடுத்தால்? எந்த அளவில் எழுந்து நிற்கத் தொடங்குகிறது? ஈர்ப்பு மையம் என்ற சொல்லை நீங்கள் சொல்வதற்கு முன்பே குழந்தை அதைக் கையில் உணர்ந்திருக்கும். சொல்லை அதன்பிறகு சொல்லுங்கள்.

ஒளிரும் வாழ்த்து அட்டை மேசை. தடித்த அட்டையில் பசையுள்ள செம்பு நாடாவை ஒட்டி, ஒரு எல்இடி விளக்கின் இரு கால்களை இரண்டு நாடாக்களோடு சேர்த்து, மறுமுனையில் இரண்டு பென்சில் செல்கள் கொண்ட பெட்டியை இணைப்பது இதன் செய்முறை. எல்இடியின் நீளமான கால் நேர்முனை. மாற்றி வைத்தால் எரியாது, ஆனால் கெட்டுப்போகாது என்பதால் குழந்தை துணிந்து திருப்பிப் பார்க்கலாம். வெள்ளை, நீல விளக்குகளுக்குச் சுமார் 3 வோல்ட் தேவை. இரண்டு செல்கள் சரியாகப் பொருந்தும். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும் என்பதால் அதனோடு 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்க வேண்டும். மின்தடை இல்லாமல் சிவப்பையும் வெள்ளையையும் ஒரே இரு நாடாக்களுக்கிடையே பக்கவாட்டில் இணைத்தால் சிவப்பு மட்டும் பளிச்சென்று எரியும், வெள்ளை எரியாது அல்லது மங்கிவிடும். பழுதென்று நினைத்து எல்லா இணைப்புகளையும் பிரித்துத் தேடுவதில் பாதிச் சுற்று போய்விடும். முதல் விழாவில் எல்லோருக்கும் ஒரே நிறத்தைக் கொடுப்பது நல்லது. நாடாவை மூலையில் துண்டாக வெட்டி ஒட்டாமல் மடித்துத் திருப்பச் சொல்லுங்கள்; பெரும்பாலான இணைப்புகள் தவறுவது அந்த மூலையில்தான். இம்மேசைக்குப் பலரும் பரிந்துரைக்கும் பொத்தான் செல்களை நான் அனுமதிக்க மாட்டேன். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகும் அபாயம் உண்டு. அட்டை போய்ச் சேரும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது.

மின்சார மாவு மேசை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறை நம் சமையலறைக்கு அப்படியே பொருந்தும். ஒன்றரைக் கோப்பை மைதா, ஒரு கோப்பை தண்ணீர், கால் கோப்பை உப்பு, ஒன்பது மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து, மிதமான தீயில் கிளறி, உருண்டு வந்ததும் இறக்கி, ஆறியபின் பிசைந்தால் மின்சாரம் கடத்தும் மாவு கிடைக்கும். இரண்டு உருண்டைகளுக்கு இடையே எல்இடியை நட்டு, நான்கு செல் பெட்டியின் கம்பிகளை ஒவ்வோர் உருண்டையிலும் செருகினால் விளக்கு எரியும். உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டால் அணைந்துவிடும். அப்போது குழந்தைகள் எழுப்பும் கேள்விகளுக்கு மேசையில் இருப்பவர் உடனே பதில் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது. விளக்கின் கால்களை மாவு இல்லாமல் நேரடியாக 6 வோல்ட்டில் தொட்டால் அது கருகிவிடும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மின்சாரம் எளிதில் கடத்தாத மாவுக்கு உப்புக்குப் பதில் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். நம்மூரில் எறும்பு மொய்க்கும் என்பதால், உருண்டைகளைப் பிரிக்கத் தடித்த தாள் துண்டுகளைக் கொடுப்பதே மேல். மாவை முதல் நாள் மாலையில் கிளறி, ஈரத்துணி சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

கோலமும் கட்டளையும் மேசை. இது எனக்கு மிகவும் பிடித்தமானது. புள்ளிக் கோலத்தை வடிவங்களின் இலக்கணமாகக் கொண்டு சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களில் செய்த ஆய்வுகள், கணினி அறிவியலில் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுபவை. உங்கள் தெருவில் கோலம் நன்றாகப் போடும் அம்மா ஒருவரை அழைத்து, தரையில் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து, சிறிய சிக்குக் கோலம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சுண்ணக்கட்டியோடு நிற்க, மற்றவர்கள் "ஓரடி முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு" என்று சொற்களால் மட்டும் ஒரு சதுரத்தை வரைய வைக்கட்டும். அதன்பின் பக்கத்தில் உள்ள மடிக்கணினியில், கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுத உதவும் ஸ்கிராட்ச் மென்பொருளைத் திறந்து, கோடு வரையும் பேனா நீட்சியைச் சேர்த்து, "100 அடி நகர், 90 பாகை திரும்பு, இதை 4 முறை செய்" என்ற கட்டைகளை அடுக்கினால் அதே சதுரம் திரையில் வரும். 90-ஐ 72 ஆக்கி, 4-ஐ 5 ஆக்கினால் ஐங்கோணம் வரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007-இல் வெளியான ஸ்கிராட்ச், இலவசமாகக் கிடைப்பது. இணையம் இல்லாமலும் இயங்கும். அதை முன்கூட்டியே எல்லா மடிக்கணினிகளிலும் நிறுவிவிடுங்கள். விழா நாளில் கைப்பேசி இணையத்தை நம்பவே வேண்டாம். ஒரு கணினிக்கு இரண்டு குழந்தைகள் போதும். சுட்டியைப் பிடிப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

குச்சிகளும் வால்வு டியூபும். 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா, கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் கட்டும் அவருடைய முறை இந்தியா முழுவதும் பரவியது. அவருடைய செய்முறை விளக்கங்கள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்தில்லாத குச்சிகளை வாங்கிக்கொள்ளுங்கள். சதுரம் நசுங்குகிறது, முக்கோணம் அசைய மறுக்கிறது என்பதைக் குழந்தை கண்டுகொண்டால், அடுத்த முறை செல்பேசிக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது அதில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று கேட்காது.

பிரித்துப் பார்க்கும் மேசை. பழைய கீபோர்டு, மவுஸ், கால்குலேட்டர், சாவி கொடுக்கும் பொம்மை, சுவர்க்கடிகாரம் ஆகியவற்றைத் தெருவில் சேகரித்து, ஸ்க்ரூ டிரைவர் கொடுத்துவிட்டால் போதும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த மேசையை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் எதை அனுமதிக்கக் கூடாது என்ற பட்டியலில் கண்டிப்பாக இருங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு, யுபிஎஸ், ஃபிளாஷ் உள்ள கேமரா ஆகியவற்றின் உள்ளே உள்ள மின்தேக்கிகளில், இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம். கைப்பேசி, மடிக்கணினிகளின் லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். எல்லாவற்றிலிருந்தும் மின்கம்பியை நறுக்கி, செல்களை நீக்கி வைப்பது முதல் நாள் வேலை. பிரித்த மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.

மீதி இரண்டு மேசைகளை உங்கள் ஊரின் கைவினைக்கு ஒதுக்குங்கள். மானாமதுரைப் பக்கம் என்றால் மண்பாண்டம், பத்தமடைப் பக்கம் என்றால் கோரைப்பாய், செட்டிநாட்டில் கொட்டான், தென்மாவட்டங்களில் பனையோலை. எங்கும் கிடைக்கக்கூடியது குருத்தோலை. காற்றாடி, கைக்கடிகாரம், ஊதல் என்று இருபது நிமிடத்துக்குள் முடியும் பொருள்கள் அதில் உண்டு. ஓலையை அன்று காலையில் வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மதியம் வரை ஒடியாமல் மடங்கும்.

கைவினைஞரை அழைக்கும் முறை

குயவர், பாய் முடைபவர், கூடை பின்னுபவர் ஆகியோரை அழைக்கும்போது அவர்களுடைய ஒருநாள் வருமானத்துக்குக் குறையாத தொகை, பொருள் செலவு, போக்குவரத்து ஆகியவற்றை முன்கூட்டியே பேசி, விழா முடிந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். மேடையில் சால்வை போர்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது அநியாயம். சக்கரத்தையும் மண்ணையும் ஏற்றிவர வண்டி தேவைப்படும். அதை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அவரை ஒருமுறை நேரில் சந்தித்து, இருபது நிமிடத்தில் எட்டு வயதுக் குழந்தையால் எதைச் செய்ய முடியும் என்று அவரிடமே கேளுங்கள். பானை முடியாது, அகல் விளக்கு முடியும் என்பார். அந்த அகலும் ஈரமாகவே வீட்டுக்குப் போகும் என்பதால், செய்தித்தாளில் பொதிந்து கொடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும், சூளையில் சுடாததால் தண்ணீர் பட்டால் கரையும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒத்திகை

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு எட்டு மேசைகளின் செயல்களையும் உண்மையான குழந்தைகள் இருவரை வைத்துச் செய்து பாருங்கள். பெரியவர் ஏழு நிமிடத்தில் செய்வதற்குக் குழந்தைக்கு இருபது நிமிடம் ஆகும் என்று கணக்கு வைக்கலாம். எந்தப் படியில் கை தடுமாறுகிறதோ அந்தப் படியை முன்தயாரிப்பாக்குங்கள்: அட்டையில் மடிப்புக் கோடு போட்டு வைப்பது, கம்பியின் நுனியைச் சீவி வைப்பது, நாடாவை அளவாக நறுக்கி வைப்பது. ஆனால் வெட்டுவது, ஒட்டுவது, வரைவது எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிட்டுப் பொருத்துவதை மட்டும் குழந்தைக்கு விட்டால் அது செய்வதாக ஆகாது. ஒவ்வொரு மேசைக்கும் ஆறு சுற்றுக்கு 48 பேர். பத்து விழுக்காடு உபரியாகச் சேர்த்து 53 பொட்டலங்கள் கட்டிவிடுங்கள். மடிக்கணினி மேசைக்கும் பிரிக்கும் மேசைக்கும் இது தேவையில்லை. அவற்றில் கையில் எடுத்துச் செல்லப் பொருள் இருக்காது என்பதால், முன்னதில் குழந்தை தான் வரைந்த கோலத்தைத் தாளில் பதிந்து கொண்டுபோகவும், பின்னதில் ஒரு பல்சக்கரத்தையோ சிறு காந்தமில்லாத பாகத்தையோ எடுத்துக்கொள்ளவும் வழி செய்யுங்கள். சிறிய, வலுவான காந்தங்களும் விழுங்கினால் ஆபத்தானவை.

பொருள்களும் பணமும்

சென்னையில் இருப்பவர்கள் எல்இடி, செல் பெட்டி, செம்பு நாடா ஆகியவற்றுக்கு ரிச்சி தெருவுக்கும், தாள், அட்டைக்குப் பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவுக்கும் போனால் சில்லறைக் கடையைவிட நன்றாகக் குறையும். வெளியூர்களில் எல்இடி முதலியவற்றை இணையத்தில் வாங்குவதானால், ஒத்திகைக்கு முன்பே வந்து சேரும்படி ஐந்து வாரம் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். செலவில் பெரும்பங்கு கைவினைஞர் ஊதியம், செல் பெட்டிகள், சிற்றுண்டி ஆகிய மூன்றுக்கும் போகும். குழந்தைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள். ஐம்பது ரூபாய் என்பது சிறு தொகைதான், ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யாரை அனுப்புவது என்ற கேள்வியை அது எழுப்பிவிடும். தெருவின் கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கம், முன்னாள் மாணவர்கள் ஆகியோரிடம் பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் மனமுவந்து தருவார்கள்: ஒருவர் மோர், ஒருவர் சுண்டல், அச்சகத்துக்காரர் வெட்டி எஞ்சிய அட்டைகள். யார் கொடுத்தாலும் பெயர்ப்பலகை மேசைமேல் வைக்கப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், எவர்சில்வர் டம்ளரும் பாக்குமட்டைத் தட்டும் போதும்.

அழைப்பும் பதிவும்

வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் அறிவித்தால், ஏற்கெனவே எல்லா வகுப்புகளுக்கும் போய்வரும் பிள்ளைகள்தாம் வருவார்கள். ரேஷன் கடை, பால் நிலையம், நூலகம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றில் கையால் எழுதிய அறிவிப்பை ஒட்டி, கட்டுமானத் தொழிலாளர்களும் வெளிமாநிலத்தவரும் வாழும் தெருக்களுக்கு நேரில் போய் அழையுங்கள். நூறு இடங்களில் நாற்பதையாவது அப்படி அழைத்தவர்களுக்கென ஒதுக்கி வையுங்கள். பதிவுத் தாளில் குழந்தையின் பெயர், வயது, பெற்றோரின் கைப்பேசி எண், ஒவ்வாமை, தனிப்பட்ட உதவி ஏதும் தேவையா என்ற ஐந்து விவரங்கள் போதும். சத்தம் தாங்காத குழந்தைகளுக்காக ஒரு வகுப்பறையை அமைதியான அறையாக வைத்திருங்கள். அங்கே களிமண்ணும் தாளும் மட்டும் இருக்கட்டும். படம் எடுப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதலை அதே தாளில் தனியாகக் கேளுங்கள். ஒப்புதல் தராத குழந்தைக்கு வேறு நிற அட்டை கொடுத்துவிட்டால் படம் எடுப்பவர் எளிதாக அடையாளம் காணலாம். முகத்தைவிடக் கைகளைப் படம் எடுப்பது இந்த விழாவுக்குப் பொருத்தமும்கூட.

பாதுகாப்பு

குழந்தைகளின் மேசைமேல் 230 வோல்ட் எந்த வடிவிலும் வரக் கூடாது. மடிக்கணினியைக்கூட முழுமையாக மின்னேற்றி, பேட்டரியிலேயே இயக்குங்கள். எக்ஸ்டென்ஷன் பலகைகள் சுவரோரமாக, கம்பி தரையோடு ஒட்டப்பட்டு, மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பிலிருந்து வர வேண்டும். பிளேடும் கட்டரும் தன்னார்வலர் கையில் மட்டும் இருக்கலாம். குழந்தைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல். சூடான பசைத் துப்பாக்கியைச் சிறு பிள்ளைகளின் மேசையில் தவிர்த்துவிட்டு ஃபெவிகாலையே பயன்படுத்துங்கள். உலோகத்தை உருக்கி மின் இணைப்புகளை ஒட்டும் சால்டரிங் முதல் விழாவுக்கு வேண்டாம்.

எல்லாத் தன்னார்வலர்களும் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்குத் துணையாகப் போகிறவர் வாசலிலேயே நிற்க வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அழைத்து வந்தவர் வந்தாலன்றிக் குழந்தையை அனுப்பக் கூடாது. வாயிலில் பதிவுத் தாளைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தே அனுப்ப வேண்டும். குழந்தை உதவி எண் 1098-ஐயும் ஆம்புலன்ஸ் எண் 108-ஐயும் வாயிலில் பெரிதாக எழுதி வையுங்கள்.

விழா நாள்

காலை எட்டு மணிக்கு எல்லோரும் கூடி, மேசைகளை அடுக்கி, ஒன்பதரைக்குள் ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாதிரிப் பொருளைச் செய்து வைத்துவிடுங்கள். மாதிரி அழகாக இருக்க வேண்டியதில்லை. மிக நேர்த்தியான மாதிரியைக் கண்டால் குழந்தை தன்னுடையதைச் செய்யாமல் அதைப் பிரதியெடுக்கவே முயலும். வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று கட்டங்கள் உள்ள அட்டையைக் கொடுத்து, முதல் மேசையை நீங்களே ஒதுக்குங்கள், அடுத்த இரண்டையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். தொடக்க விழா, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் உரை எதுவும் வேண்டாம். பிரமுகர் வருவதாக இருந்தால் அவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துப் பொம்மை செய்யச் சொல்லுங்கள்.

போட்டியும் பரிசும் வைக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். உறுதியாக மறுத்துவிடுங்கள். பரிசு என்று வந்ததும் பெற்றோரின் கை உள்ளே நுழையும், சரியாக வராத பொருளைக் குழந்தை மறைக்கத் தொடங்கும். பெற்றோர் மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும்படி தரையில் ஒரு சுண்ணக்கோடு போடுங்கள். பார்க்கலாம், பேசலாம், தொடக் கூடாது. அவர்களுக்கும் செய்ய ஆசை இருக்கும் என்பதால் ஓரமாக ஒரு மேசையை அவர்களுக்கென்றே போடுங்கள்.

மணி அடித்தும் முடிக்காத குழந்தைகளை அப்படியே அனுப்பிவிட வேண்டாம். பொருளோடு அவர்களைக் கொண்டுபோய் உட்கார வைக்க, "முடிக்கும் மேசை" என்று ஒன்றும் அதில் பொறுமையான ஒருவரும் இருக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு உங்களிடம் உள்ள மிகச் சிறந்த தன்னார்வலரை ஒதுக்குங்கள். எரியாத அட்டை, நிமிராத பொம்மை, ஊதாத ஊதல் எல்லாம் அங்கேதான் வரும். எங்கே தவறியது என்று குழந்தையோடு சேர்ந்து தேடுவதற்கு அங்கே நேரம் இருக்கும். பன்னிரண்டே முக்காலுக்குப் புதிதாக எவரையும் மேசையில் உட்கார வைக்காமல், சுண்டலும் மோரும் கொடுக்கத் தொடங்குங்கள். கைகழுவச் சோப்பு வைத்திருக்கிறீர்களா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்; சால்டரிங் இல்லாவிட்டாலும், பழைய மின்சுற்றுப் பலகைகளைத் தொட்ட கையில் ஈயம் ஒட்டியிருக்கலாம்.

முடிந்த பிறகு

வளாகத்தைப் பெருக்கி, பெஞ்சுகளை இருந்த இடத்தில் போட்டு, சாவியை ஒப்படைக்கும் வரை எல்லாத் தன்னார்வலர்களும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே பள்ளி கிடைப்பது இதைப் பொறுத்தது. தீர்ந்த செல்களையும் மின்கழிவையும் தனித்தனியாகக் கட்டுங்கள். மூன்று நாள்களுக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி, பணமோ பொருளோ கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். எஞ்சிய பொட்டலங்களைப் பூட்டி வைக்காமல், எந்த ஆசிரியர் கேட்கிறாரோ அவரிடம் செய்முறைத் தாளோடு கொடுத்துவிடலாம். ஒவ்வொரு மேசையிலும் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எந்தப் படியில் நின்றார்கள் என்பதை அன்று மாலையே மேசைக்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் பாதிப் பேர்கூட முடிக்காத மேசை எவ்வளவு பாராட்டுப் பெற்றிருந்தாலும், அடுத்த விழாவுக்கு அதை எளிமையாக்குங்கள் அல்லது இரண்டு சுற்று நேரம் கொடுங்கள்.